பார்சல் மேல் ஒட்டிய சீட்டு: பிஎச்பியில் ரெஸ்பான்ஸ் ஹெட்டரைப் படிப்பது எப்படி

பிஎச்பி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் 'ஹெட்டர்' என்று சொன்னால் ஆளுக்கொன்றை நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எச்டிஎம்எல்லில் வரும் ஹெட் டேக் என்கிறார். இன்னொருவர் லோகோவும் மெனுவும் இருக்கும் மேல்பட்டை என்கிறார். வேர்ட்பிரஸில் வேலை பார்த்தவருக்குத் தீமுக்குள் இருக்கும் ஹெட்டர்.பிஎச்பி என்ற கோப்புதான் ஞாபகம் வரும். எல்லாம் ஹெட்டர்தான், ஆனால் நான் இங்கே சொல்லப்போவது இவை எதுவும் இல்லை. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அந்தப் பக்கத்துக்கு முன்னால், பக்கத்துக்கு வெளியே, சில வரிகளைச் சேர்த்து அனுப்புகிறது. திரையில் அவை தெரியாது, 'வியூ சோர்ஸ்' போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அந்த வரிகளுக்குத்தான் ரெஸ்பான்ஸ் ஹெட்டர் என்று பெயர்.

கண்ணில் படாத பொருள் என்பதால் குழப்பமும் அதிகம். "கோலன் வரும் இடத்தில் வெட்டினால் போதும்" என்று யாரோ சொன்ன நாலு வரியை எடுத்து ஒட்டிவிடுகிறோம். பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாத அன்றைக்குத் தவறு எங்கே என்று தேடியே ஒரு நாள் போய்விடும். எனக்கு அப்படி ஒரு நாள் போயிருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

## பஸ்ஸில் வரும் பெட்டி

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓர் அட்டைப்பெட்டியைப் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். யாருக்குப் போகிறது, போன் நம்பர் என்ன, எத்தனை கிலோ, 'கண்ணாடிப் பொருள், கவனம்' என்றெல்லாம் அதில் இருக்கும். பார்சல் ஆபீஸில் இருப்பவர் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டை மட்டும் படித்துவிட்டு எங்கே வைப்பது, எப்படி வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்.

சர்வரிலிருந்து வரும் பதிலும் இப்படித்தான். பெட்டிக்குள் இருப்பது பாடி: எச்டிஎம்எல் பக்கமோ, படமோ, பிடிஎஃப்போ. மேலே ஒட்டியிருக்கும் சீட்டு ஹெட்டர். அந்தச் சீட்டில் இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, 'எடை என்ன' என்று கேட்டால் எடையை மட்டும் எடுத்துத் தரும்படி அடுக்கி வைப்பதற்குப் பெயர்தான் பார்ஸ் செய்வது.

இந்தப் பெட்டியில் இன்னொரு விஷயமும் நடக்கும். பெட்டி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால், 'அவர் வீடு மாற்றிவிட்டார், தாம்பரத்துக்கு அனுப்புங்கள்' என்கிறார்கள். பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்திலேயே புதுச் சீட்டை ஒட்டி அனுப்புவார்கள். இப்போது பெட்டி மேல் இரண்டு சீட்டு. எதைப் படிப்பது? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிஎச்பியில் ஆட்களை அதிகம் தடுக்கிவிழ வைப்பது இதுதான்.

## நிஜத்தில் கம்பி வழியாக வருவது என்ன

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1991-இல் வேர்ல்ட் வைட் வெப் தொடங்கியபோது இருந்த எச்டிடிபியில் ஹெட்டரே கிடையாது. பக்கத்தைக் கேட்டால் பக்கம் வரும், அவ்வளவுதான். அப்புறம் படம், பல மொழி, பல வகைக் கோப்பு என்று வந்ததும் 'உள்ளே இருப்பது என்ன' என்று சொல்லவேண்டிய தேவை வந்தது. மின்னஞ்சலில் ஏற்கெனவே 'பெயர், கோலன், மதிப்பு' என்று எழுதும் முறை இருந்தது; அதையே எடுத்துக்கொண்டார்கள். 1996-இல் எச்டிடிபி 1.0 ஆவணமாக வெளிவந்தபோது ஹெட்டரும் அதில் இருந்தது. இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் விதிகள் 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110-இல் இருக்கின்றன. ஆர்எஃப்சி என்பது இணையம் எப்படிப் பேசவேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் பொது ஆவணம்.

ஒரு பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும். நிஜத்தில் ஆங்கில எழுத்தில் வரும், இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் போடுகிறேன்:

எச்டிடிபி/1.1 200 ஓகே
டேட்: ட்யூ, 14 ஜான் 2025 04:30:00 ஜிஎம்டி
கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யூடிஎஃப்-8
கன்டென்ட்-லெங்த்: 15
(ஒரு காலி வரி)
தமிழ்

முதல் வரி ஸ்டேட்டஸ் லைன். கேட்டது கிடைத்ததா இல்லையா என்பதை மூன்று இலக்க எண்ணில் சொல்லும். 200 என்றால் சரி, 404 என்றால் இல்லை, 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும். பிறகு ஒரு காலி வரி. சீட்டு முடிந்து பெட்டி தொடங்குகிறது என்பதற்கு அந்தக் காலி வரிதான் அடையாளம், வேறு எந்த எல்லைக்கோடும் கிடையாது.

வரி முடிவதைக் காட்ட இரண்டு பைட் வரும், 13, 10 என்ற எண்கள். தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம்: உருளையை வலப்பக்கம் தள்ளு, தாளை ஒரு வரி மேலே ஏற்று. காலி வரி என்றால் இந்த ஜோடி அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது என்று அர்த்தம். லினக்ஸ் பழக்கத்தில் 10-ஐ மட்டும் வைத்து வெட்டினால் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 13 ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் சமம் இல்லை என்று பிஎச்பி சொல்லும். ட்ரிம் என்ற ஃபங்ஷன் அந்த வாலை நறுக்கிவிடும்.

இதுவரை சொன்னது: பதிலில் சீட்டு முதலில், பெட்டி பிறகு, நடுவில் ஒரு காலி வரி. சீட்டின் முதல் வரி, கேட்டது கிடைத்ததா என்ற விவரம்; மற்ற வரிகள் பெயரும் மதிப்பும்.

## பிஎச்பியில் சீட்டைக் கையில் வாங்குவது

ஒரு தெளிவு முதலில். பிஎச்பியில் ஹெட்டர் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது நாம் அனுப்பும் பதிலுக்குச் சீட்டு எழுதுவதற்கு. அடுத்தவர் சர்வர் அனுப்பியதைப் படிப்பதற்கு இல்லை. 'ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற புகழ்பெற்ற பிழையும் அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்தான்: பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு சீட்டு எழுத வந்தால் அப்படிச் சொல்லும். வலைத்தளங்களில் எச்டிடிபி_பார்ஸ்_ஹெட்டர்ஸ் என்ற ஃபங்ஷனைப் பார்த்துவிட்டு 'எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது' என்று கேட்பவர்களும் உண்டு. அது பிஎச்பியோடு கூடவே வருவதில்லை, தனியாக நிறுவவேண்டிய எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது.

படிக்க மூன்று வழி. கெட்_ஹெட்டர்ஸ் ஃபங்ஷனிடம் முகவரியைக் கொடுத்தால் வரிகளை ஓர் அரேயாகத் தந்துவிடும். அரே என்றால் வரிசையாக அடுக்கிய பட்டியல். சுலபம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் அது முழுப் பக்கத்தையுமே கேட்டு விண்ணப்பிக்கும், சீட்டு மட்டும் போதும் என்றால் ஹெட் முறையில் கேட்கும்படி நாம்தான் சொல்லவேண்டும். இரண்டாவது, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் வைத்துப் பக்கத்தை எடுக்கும்போது எச்டிடிபி_ரெஸ்பான்ஸ்_ஹெட்டர் என்ற மாறி தானாகவே நிரம்பும். யாரும் உருவாக்காத மாறி திடீரென்று முளைப்பது பலருக்கும் விநோதமாகப் பட்டதுதான், பிஎச்பி 8.4-இல் அதற்குப் பதிலாகத் தனி ஃபங்ஷன் கொடுத்துவிட்டார்கள், 8.5-இல் பழைய மாறியைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கர்ல், அடுத்த சர்வரோடு பேசுவதற்கென்றே இருக்கும் எக்ஸ்டென்ஷன். கொஞ்சம் அதிகம் எழுதவேண்டும், ஆனால் என் வேலைக்கு நான் எடுப்பது இதைத்தான், ஏன் என்று கடைசியில் தெரியும்.

## வெட்டுவது: முதல் கோலனில் மட்டும்

மேலே இருக்கும் டேட் வரியைப் பாருங்கள். அதில் எத்தனை கோலன்? மூன்று. எக்ஸ்ப்ளோட் ஃபங்ஷனிடம் 'கோலனில் வெட்டு' என்று மட்டும் சொன்னால் நாலு துண்டாக வெட்டிக் கொடுக்கும். இரண்டாவது துண்டை மதிப்பு என்று எடுத்தால் 'ட்யூ, 14 ஜான் 2025 04' என்று நிற்கும், நிமிடமும் நொடியும் போச்சு. இடம் மாறியதைச் சொல்லும் லொக்கேஷன் வரியில் இது இன்னும் மோசம்: எச்டிடிபிஎஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கோலன் இருக்கிறதே, அதில் வெட்டுப்பட்டு முகவரி இருக்கவேண்டிய இடத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்ற ஒரே சொல் மிஞ்சும்.

தீர்வு மூன்றாவது ஆர்கியுமென்ட்டில் இருக்கிறது. இரண்டு துண்டு போதும் என்று சொல்லிவிட வேண்டும்:

எக்ஸ்ப்ளோட்(':', $வரி, 2)

(பிஎச்பியில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், $வரி என்பது நிஜமாகவே ஓடும். ஃபங்ஷன் பெயரைத்தான் ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும்.)

வெட்டுவதற்கு முன்னால் வரியில் கோலன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் லைனில் கோலன் இராது, காலி வரியிலும் இராது. வெட்டிய பிறகு இரண்டு துண்டையும் ட்ரிம் செய்யுங்கள். கோலனுக்குப் பின்னால் இடைவெளி விடுவது வழக்கம்தான், கட்டாயம் இல்லை. அப்புறம் ஒரு சின்னக் கண்ணி: மதிப்பு வெறும் 0 என்று வரலாம், எக்ஸ்பயர்ஸ் 0, கன்டென்ட்-லெங்த் 0 என்றெல்லாம் சர்வர்கள் அனுப்பும். பிஎச்பிக்கு '0' என்ற சரம் (ஸ்ட்ரிங்) பொய்க்குச் (ஃபால்ஸ்) சமம். 'இஃப் $மதிப்பு' என்று எழுதினால் அந்த ஹெட்டர் வரவே இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். காலிச் சரத்தோடு நேராக ஒப்பிடுவதே பத்திரம்.

## பெரிய எழுத்து, சின்ன எழுத்து: எனக்குப் போன அந்த ஒரு நாள்

நண்பர் ஒருவரின் புத்தகக் கடைக்காகச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். பதிப்பகங்கள் தரும் அட்டைப்பட முகவரிகளை இரவில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும். கன்டென்ட்-டைப் 'இமேஜ்' என்று தொடங்கினால் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலையில் ஒரு பதிப்பகத்தின் அட்டைப்படம் மொத்தமும் கடையின் பக்கத்தில் காணோம். முகவரியை பிரவுசரில் போட்டால் படம் அழகாக வருகிறது, ஸ்கிரிப்ட் மட்டும் 'படம் இல்லை' என்கிறது. சர்வர் நம்மைத் தடுக்கிறதா, சான்றிதழ் காலாவதியா என்று மத்தியானம் வரை தேடினேன். கடைசியில் வந்த ஹெட்டரை அப்படியே கோப்பில் கொட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. முன்னால் முதல் எழுத்து பெரியதாக வந்துகொண்டிருந்த கன்டென்ட்-டைப், இப்போது முழுக்கச் சின்ன எழுத்தில் வந்திருக்கிறது. நான் அரேயில் பெரிய எழுத்துப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் செய்ததில் தவறே இல்லை. ஹெட்டர் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான் என்று விதி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறது. அவர்கள் சர்வரை எச்டிடிபி 2-க்கு மாற்றியிருந்தார்கள், 2015-இல் வந்த அந்தப் பதிப்பில் எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில்தான் இருக்கவேண்டும். அரேயில் மதிப்பைத் தேடி எடுக்க வைக்கும் பெயரான சாவிக்கோ (கீ) இரண்டும் வேறு வேறு. ஆகவே பெயரை அரேயில் போடும்போதே ஸ்ட்ர்டுலோயர் வைத்துச் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள், தேடும்போதும் சின்ன எழுத்திலேயே தேடுங்கள். மதிப்பில் கை வைக்காதீர்கள், குக்கியிலும் முகவரியிலும் எழுத்தின் அளவு மாறினால் பொருளே மாறிவிடும்.

அதே எச்டிடிபி 2-இல் ஸ்டேட்டஸ் லைனும் மெலிந்துவிட்டது. 'ஓகே' என்ற சொல் கிடையாது, கர்ல் நமக்குக் காட்டும்போது 'எச்டிடிபி/2 200' என்பதோடு நின்றுவிடும். 1.1 என்றும் ஓகே என்றும் தேடும் நிரல் எல்லாம் அங்கே உடையும். எண்ணை மட்டும் நம்புங்கள்.

இந்த இரண்டு பகுதியின் சாரம்: முதல் கோலனில் இரண்டாக வெட்டு, இரண்டு பக்கமும் ட்ரிம் செய், பெயரைச் சின்ன எழுத்தாக்கு.

## ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்

சீட்டில் 'கவனம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கலாம். ஹெட்டரிலும் ஒரே பெயர் பல வரியில் வரலாம். அரேயில் அப்படியே போட்டால் பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். இது அதிகம் கடிப்பது செட்-குக்கியில். லாகின் செய்தால் சர்வர் மூன்று குக்கி கொடுத்திருக்கும், நம் கையில் கடைசி ஒன்று மட்டும் இருக்கும், 'லாகின் ஆகி உடனே வெளியே தள்ளுகிறதே' என்று குழம்புவோம்.

பொதுவாக ஒரே பெயருள்ள வரிகளைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியாகச் சேர்த்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. செட்-குக்கிக்கு மட்டும் அது கூடாது, ஏனென்றால் குக்கி காலாவதியாகும் தேதிக்குள்ளேயே கிழமைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருக்கிறது. சேர்த்துவிட்டால் எந்தக் காற்புள்ளி எதற்கு என்று பிரிக்க முடியாது. என் பழக்கம் இது: ஒன்றே வந்தாலும் சரி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டியல் வைத்து அதில் சேர்த்துக்கொண்டே போவேன்.

## சீட்டின் மேல் சீட்டு

இப்போது அந்தத் தாம்பரம் பெட்டிக்கு வருவோம். ஒரு முகவரியைக் கேட்கிறோம். சர்வர் 301 என்று சொல்லி, லொக்கேஷன் வரியில் புது முகவரி தருகிறது. இதற்கு ரீடைரக்ட் என்று பெயர். பிஎச்பி நமக்காகத் தானே அங்கே போய், இரண்டாவது பதிலை வாங்கி வருகிறது. நம் கையில் வருவது? இரண்டு பதிலின் ஹெட்டரும், ஒன்றன் கீழ் ஒன்றாக.

கெட்_ஹெட்டர்ஸில் இரண்டாவது ஆர்கியுமென்ட்டாக ட்ரூ கொடுத்துப் பெயர் வாரியாகக் கேட்டிருந்தால், கன்டென்ட்-டைப் இருந்த இடத்தில் சரத்துக்குப் பதில் இரண்டு மதிப்பு கொண்ட அரே உட்கார்ந்திருக்கும். அதைச் சரம் என்று நினைத்து எதற்குள்ளாவது அனுப்பினால் பிஎச்பி 8 டைப்எரர் என்று நின்றுவிடும். பூஜ்யமாவது இடத்தில் இருக்கும் ஸ்டேட்டஸ் லைனைப் பார்த்து '301 வந்துவிட்டது, பக்கம் இல்லை' என்று முடிவு செய்வதும் நடக்கும். பக்கம் இருக்கிறது, நாம் பழைய சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கேதான் கர்ல் எனக்குப் பிடித்துப் போனது. ஹெட்டர்ஃபங்ஷன் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. நாம் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து வைத்தால், ஒவ்வொரு ஹெட்டர் வரி வரும்போதும் கர்ல் அதைக் கூப்பிட்டு வரியை நீட்டும். நாம் செய்யவேண்டியது: வரி 'எச்டிடிபி/' என்று தொடங்கினால் புதுச் சீட்டு ஆரம்பிக்கிறது, அதுவரை சேர்த்ததைக் காலி செய். கோலன் இருந்தால் வெட்டி அடுக்கு. இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடு. ரீடைரக்ட் எத்தனை நடந்தாலும் கடைசியில் கையில் நிற்பது கடைசிச் சீட்டு மட்டும். ஒன்றை மறக்கக்கூடாது, அந்த ஃபங்ஷன் தனக்கு வந்த வரியின் பைட் நீளத்தை ரிட்டர்ன் செய்தாக வேண்டும். ட்ரிம் செய்த வரியின் நீளத்தைக் கொடுத்தால் 13-உம் 10-உம் குறைந்து கணக்கு உதைக்கும், கர்ல் ஏதோ தப்பு என்று வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். முதல் காரியமாக ஸ்ட்ர்லென் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

## நீளம் என்றால் எழுத்தா, பைட்டா

மேலே எடுத்துக்காட்டில் பெட்டிக்குள் 'தமிழ்' என்ற ஒரு சொல்தான் இருந்தது, கன்டென்ட்-லெங்த் 15 என்று இருந்தது. தட்டச்சுப் பிழை இல்லை. பள்ளிக்கூடக் கணக்கில் த, மி, ழ் என்று மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்தும் தலைக்கு மூன்று பைட், ஆக 15. பிஎச்பியில் ஸ்ட்ர்லென் 15 என்று சொல்லும், எம்பி_ஸ்ட்ர்லென் 5 என்று சொல்லும், கிராஃபீம்_ஸ்ட்ர்லென் 3 என்று சொல்லும். மூன்றும் சரிதான், ஹெட்டர் பேசுவது பைட்டை மட்டும். நாமே எம்பி_ஸ்ட்ர்லென் எண்ணிக்கையைக் கன்டென்ட்-லெங்த்தில் எழுதி அனுப்பினால், வாங்குகிறவர் ஐந்து பைட்டோடு நிறுத்திக்கொள்வார். தமிழ்ப் பக்கம் வைத்திருக்கும் நாம் இதில் கூடுதலாகவே கவனமாக இருக்கவேண்டும்.

ஜிசிப் போட்டுச் சுருக்கி அனுப்பியிருந்தால் அந்த எண் சுருக்கிய அளவு, விரித்துப் பார்த்தால் பொருந்தாது. துண்டு துண்டாக அனுப்பும் சர்வர் லெங்த் வரியையே விட்டுவிடும். அதனால் அந்த வரி இருந்தே தீரும் என்று நம்பி நிரல் எழுதாதீர்கள்.

## கண்ணால் பார்க்க ஒரு முகவரி

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை எஸ் இல்லாத வெறும் எச்டிடிபியில் தொடங்கி, ரீடைரக்டைப் பின்தொடரச் சொல்லி, ஹெட்டரை மட்டும் கர்லில் எடுத்துப் பாருங்கள். முதல் சீட்டு 'எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா' என்று திருப்பும். அடுத்த சீட்டு முதற் பக்கத்துக்குத் திருப்பும். கடைசிச் சீட்டில்தான் 200 வரும். நடுவில் இருக்கும் அந்த லொக்கேஷன் வரியைத் தனியாக எடுங்கள். சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீளமாகக் கிடக்கும், ஏனென்றால் முகவரியில் தமிழ் எழுத்தை நேரடியாக வைக்காமல் பைட் பைட்டாக எழுதி அனுப்புகிறார்கள், ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறி. அதை ராயூஆர்எல்டீகோடு என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எக்கோ செய்தால், 'முதற்_பக்கம்' என்று வந்து நிற்கும்.